முகவரியற்ற லயங்களுக்கு வழிகாட்டும் திரை

டித்வா புயல் 2025 நவம்பர் இறுதியில் மலையகத்தைச் சிதைத்துச் சென்ற பின்னர், மூடப்பட்ட வீதிகளைக் கூகுள் வரைபடத்தில் உடனுக்குடன் காட்டும் முன்னோடித் திட்டம் ஒன்றை அரசு அறிவித்தது. அத்திட்டத்தின் எல்லை ஏ, பி தர வீதிகள், அதாவது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பிலுள்ள ஏறத்தாழ 12,000 கிலோமீற்றர் தேசிய வீதிகள் என்று வகுக்கப்பட்டிருந்ததை, கவனித்திருக்க வேண்டியவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. பசறையிலோ ஹப்புத்தளையிலோ பெருவீதியை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பும் முதல் சந்தியிலேயே அந்த எல்லை முடிந்துவிடுகிறது. பதுளை மாவட்டத் தோட்ட மக்களின் பயணமோ அங்கேதான் தொடங்குகிறது.

இந்த அறிவிப்பு வந்த ஆண்டிலேதான் இன்னொரு கதவும் திறந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டதையடுத்து, திறன்பேசியோடு இணைந்து இயங்கும் திரையைக் கைப்பிடிக்கு நடுவில் பொருத்திய புதிய மோட்டார் சைக்கிள்கள் விற்பனைக்கூடங்களுக்கு வரத் தொடங்கியுள்ளன. நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள் என்பதால், இது ஆடம்பரக்காரர்களின் விளையாட்டுப் பொருளைப் பற்றிய பேச்சன்று. ‘சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்துப் பார்ப்பதைவிட இது பாதுகாப்பானது’ என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அந்த வாதத்தின் உண்மை மிகச் சிறியது; ஊவாவின் மலைவீதிகளில் அந்தச் சிறிய உண்மையும் கரைந்துவிடுகிறது.

இத்தகைய திரை தானாக எதையும் அறிவதில்லை. செய்மதிகளின் சமிக்ஞையைக் கொண்டு இருப்பிடத்தைக் கணிப்பதும், வரைபடத்தோடு அதைப் பொருத்துவதும், எங்கே திரும்ப வேண்டும் என்று முடிவு செய்வதும் சட்டைப்பையிலுள்ள திறன்பேசியின் வேலை; திரை அந்த முடிவைப் புளூடூத் வழியாகவோ குறுந்தூர வைஃபை வழியாகவோ பெற்று ஒளிரச் செய்கிறது. தொலைபேசிக் கோபுரத்தின் அலை எட்டாத மடுல்சீமைப் பக்கங்களிலும் இருப்பிடத்தைக் கணிக்க முடியும் என்பதைப் பலர் அறிவதில்லை. முன்கூட்டியே வரைபடத்தை இறக்கி வைத்திருந்தால் வழியும் கிடைக்கும், தவறிப்போவது அன்றைய தினத்தின் புதிய செய்தி மட்டுமே. ஆனால் மண்சரிவு மாதங்களில் பயணிக்குத் தேவைப்படுவது அந்தப் புதிய செய்திதான்.

திரை பாதுகாப்பானது என்ற வாதத்துக்கு எதிராகத் தொழில்நுட்பத்தின் சொந்த வரலாறே ஒரு சாட்சி. டிவிஎஸ் நிறுவனம் 2018இல் என்டார்க் ஸ்கூட்டரில் புளூடூத் இணைப்பைக் கொண்டுவந்தபோதும், ராயல் என்ஃபீல்ட் 2020இல் மீட்டியோர் 350இல் ‘டிரிப்பர்’ என்ற சிறு வட்டத்திரையைப் பொருத்தியபோதும், வழிகாட்டலாக ஓட்டுநருக்குக் காட்டப்பட்டவை ஓர் அம்புக்குறியும் அடுத்த திருப்பத்துக்கான தூரமும் மட்டுமே. 2023இல் வந்த ஹிமாலயன் 450இன் திரையிலோ முழு வரைபடமும் ஓடுகிறது. சந்தையில் தனியாக விற்கப்படும் ஐந்து அங்குலத் திரைகள் அதனினும் ஒரு படி மேலே போய்ப் பாடல் பட்டியலையும் காட்டுகின்றன. ஐந்தே ஆண்டுகளில் இத்துறை தன் கையிலிருந்த சரியான விடையைப் போட்டுவிட்டுத் தவறான விடையை எடுத்துக்கொண்டது. அம்புக்குறியை ஓரக்கண்ணால் அறியலாம்; வரைபடத்தை வாசித்தாக வேண்டும், வாசிப்பதற்குக் கண்ணை வீதியிலிருந்து எடுத்தாக வேண்டும்.

கண்ணை எடுப்பதன் விலை கணக்கிடக்கூடியது. இந்த விவாதத்தில் யாரும் அதைக் கணக்கிட்டுப் பார்க்காததே வியப்பு. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாகனத்தினுள் உள்ள கருவி எதுவும் ஓட்டுநரின் பார்வையை ஒரு தடவைக்கு 2 செக்கனுக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் 11 மீற்றர் கடக்கிறது. ஆகவே 2 செக்கன் என்பது 22 மீற்றர். அந்த வழிகாட்டுதல் நான்கு சக்கரங்களில் தானே நிமிர்ந்து நிற்கும் காருக்காக, அகன்ற அமெரிக்க நெடுஞ்சாலையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பதை இங்கே சேர்த்து எண்ண வேண்டும். கொண்டை ஊசி வளைவு ஒன்றின் வாயிலில் 22 மீற்றர் என்பது வளைவு முழுவதுமே ஆகும். வளைவுக்கு அப்பால் நிற்பது கொழுந்து ஏற்றிய லொறியா, பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளா, காலையில் சரிந்த மண்ணா என்பதை அந்த 22 மீற்றருக்குள்தான் அறிய முடியும்.

கணக்கைச் சற்று நீட்டிப் பார்க்கலாம். பதுளையிலிருந்து பசறைக்கு ஏறத்தாழ 18 கிலோமீற்றர். ஓட்டுநர் ஒருவர் நிமிடத்துக்கு நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒன்றரை செக்கன் மட்டுமே திரையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 6 செக்கன் அவர் வீதியைப் பார்க்கவில்லை; அதாவது பத்தில் ஒரு பங்கு. 18 கிலோமீற்றரில் பத்தில் ஒரு பங்கு 1.8 கிலோமீற்றர். கண்ணைக் கட்டிக்கொண்டு பசறை வீதியில் 1.8 கிலோமீற்றர் ஓட்டிக் காட்டும்படி கேட்டால் எந்த விற்பனையாளரும் முன்வரமாட்டார்; அந்த 1.8 கிலோமீற்றரைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஒளிரும் பெட்டியில் வைத்து விற்க மட்டும் அவருக்குத் தயக்கமில்லை. மோட்டார் சைக்கிளில் பார்வை போகும் பக்கமே வண்டியும் போகும் என்பது ஓட்டப் பயிற்சியின் முதல் பாடம் என்பதையும், இரவில் பிரகாசமான திரையைப் பார்த்த கண் இருளுக்கு மீண்டும் முழுமையாகப் பழக அரைமணி நேரம் வரை எடுக்கும் என்பதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசமாகிறது.

இந்த வீதிகள் தவறை மன்னிக்கும் அளவு எவ்வளவு என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 2021 மார்ச் 20இல் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பேருந்து பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. சரிந்த பாறையால் அவ்விடத்தில் வீதி ஒடுங்கியிருந்தது. 2025 செப்டம்பர் 4இல் எல்ல – வெல்லவாய வீதியின் 24ஆம் கட்டையருகே இன்னொரு பேருந்து விழுந்து 15 பேர் இறந்தனர். இரண்டிலும் திரைக்குத் தொடர்பில்லை என்று சிலர் சொல்லக்கூடும், இல்லைதான். முழுக் கண்ணோடு ஓட்டும்போதே இடம் தராத வீதி, கண்ணைக் கடன் கொடுத்தவனுக்கு எவ்வளவு இடம் தரும் என்பதே கேள்வி.

ஓட்டுநருக்கு எதை, எப்போது சொல்வது என்ற சிக்கலை இந்த மலைகளில் முன்பே ஒரு துறை தீர்த்து வைத்திருக்கிறது. 1924இல் பதுளையை எட்டிய மலையக இருப்புப்பாதை ஒற்றைத் தடம். எதிரெதிரே இரு ரயில்கள் ஒரே தடத்தில் வந்துவிடாதிருக்க, வளையத்தில் கோத்த உலோக வட்டு ஒன்றை நிலையத்தில் பெற்றுக்கொண்ட பின்னரே ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழைவார். இரு நிலையங்களிலுள்ள கருவிகளும் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு வட்டுதான் வெளிவரும். தெமோதரையில் பாதை ஒரு முழு வட்டம் சுற்றி, நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தினுள் தானே நுழைந்து போகும் அந்த இடத்திலும், அடுத்த பகுதிக்கான அனுமதியை ஓட்டுநர் சுரங்கத்தில் தேடுவதில்லை, நிலையத்திலேயே பெற்றுவிடுகிறார். நூறாண்டுக்கு முந்திய அந்த ஏற்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், வளைவின் நடுவே வழியைக் குறிக்கும் நீலக் கோட்டை நீட்டி ‘இங்கே பார்’ என்று ஒளிரும் திரை முன்னேற்றமாகத் தெரியவில்லை. வண்டி நிற்கும்போது வரைபடம், ஓடும்போது அம்புக்குறியும் செவியில் ஒரு குரலும் என்ற பிரிவினையை இன்றைய மென்பொருளுக்குச் சொல்லித் தருவது கடினமான வேலையுமன்று. வண்டியின் வேகம் திறன்பேசிக்கு ஏற்கெனவே தெரியும்.

இவ்வளவு விலை கொடுத்துப் பார்க்கும் திரையில் கிடைப்பதுதான் என்ன? திறந்த வானத்தின் கீழ் திறன்பேசியின் இருப்பிடக் கணிப்பு ஏறத்தாழ 5 மீற்றர் ஆரத்துக்குள் சரியாக இருக்கும். மலைச்சுவரும் யூக்கலிப்டஸ் அடர்வும் செய்மதியின் சமிக்ஞையை மறைத்தும் தெறிக்கவைத்தும் அதைக் கெடுக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து ஏறும் வீதியில் மேல்மடிப்பும் கீழ்மடிப்பும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டே கிடப்பதால், உயரத்தைப் பொருட்படுத்தாத மென்பொருள் ஓட்டுநரை ஒரு மடிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கி வைத்துவிடுகிறது. இது திருத்தக்கூடிய குறை. திருத்த யாரும் முன்வராத குறை வேறு.

திரையில் தெரியும் ஊவா, சுற்றுலாப் பயணியின் ஊவா. எல்லவின் சிற்றுண்டிச்சாலைகள், ஒன்பது வளைவுப் பாலம், தம்பத்தென்னைக்கு மேலே லிப்டன் உட்கார்ந்ததாகச் சொல்லப்படும் இடம் எல்லாம் படத்தோடும் நட்சத்திரத்தோடும் தெரிகின்றன. லிப்டனின் இருக்கைக்குப் போகும் வழியில் தோட்ட மக்கள் வாழும் லயங்களோ பெயரற்ற சாம்பல் கட்டங்கள். தோட்டத்துக்குள் வழி சொல்லும் மக்கள் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று டிவிஷனைச் சொல்வார்கள்; கொழுந்து மடுவத்தைத் தாண்டி, ஸ்டோருக்கு மேலே, பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்து லயத்தில் மூன்றாவது காம்பரா என்று சொல்வார்கள். இவற்றில் ஒன்றேனும் வரைபடத்தில் ஏறுவது அரிது. பொதி கொண்டுவரும் இளைஞனும், தவணைப் பணம் வாங்க வரும் நிதிக் கம்பனி ஊழியரும், அவசரத்துக்கு 1990 அழைத்து வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியும் கடைசியில் சந்தியிலுள்ள கடைக்காரரையே கேட்டாக வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு வண்டியை நிறுத்துகிறார்கள் என்பதால், கடைக்காரர் திரையைவிடப் பாதுகாப்பான கருவி என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

இந்த வெறுமையை உண்டாக்கியது கூகுள் அன்று. தோட்ட மக்களின் கடிதங்கள் நெடுங்காலமாகத் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்து சேர்ந்தன. லயத்துக்கும் காம்பராவுக்கும் தனி முகவரி இருக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகவே விளக்கப்பட்டு வந்தது. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்ற பின்னர், தோட்டப் பாதை கம்பனியுடையதா, அரசுடையதா, யாருடையதும் இல்லையா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருந்தது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டு, அதே ஆண்டில் தோட்டப் பிரதேசத்துக்கான புதிய கிராமங்கள் அதிகார சபைச் சட்டமும் நிறைவேற்றப்பட்ட பிறகு, அந்தச் சாக்கும் இல்லை.

முகவரியின்மையின் முழுப் பொருள் 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தெரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போன பின், காணாமற்போனோர் நூற்றுக்கணக்கானோர் என்று முதலில் சொல்லப்பட்டது. பின்னர் அந்த எண் மிகக் கீழே இறங்கியது. எந்த லயத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை உடனே சொல்லக்கூடிய ஒரு பதிவு அரசின் கையில் இருந்திருந்தால் இந்த ஏற்ற இறக்கம் நேர்ந்திராது. பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு டித்வா வந்தபோது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என எச்சரிக்கை விடுத்தது. பிரிவு என்பது பல தோட்டங்களையும் பல மலைகளையும் கொண்ட பெரும்பரப்பு. அந்தச் சிவப்பு எந்த டிவிஷனின் எந்தப் பாதைக்குப் பொருந்தும் என்பதைச் சொல்லும் திரை எந்த விற்பனைக்கூடத்திலும் இல்லை.

திரையை அனுமதிப்பதற்கு இந்தியாவைக் காட்டி வாதிடுவோர் உண்டு. அங்கே 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதி, ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழியறிய மட்டும் கைக்கருவியைப் பயன்படுத்த இடம் தருகிறது. கவனம் சிதறாத வகை எது என்று அந்த விதி சொல்வதில்லை. சொல்லாத விதியை முன்மாதிரியாக்குவது சோம்பேறித்தனம். திரை வேண்டாம் என்றால் இளைஞர்கள் தொலைபேசியையே கைப்பிடியில் கட்டிக்கொள்வார்கள் என்பது மற்றொரு வாதம். ஒரு கேட்டைக் காட்டி இன்னொரு கேட்டுக்கு அனுமதி கேட்கும் இதற்கு மறுமொழியே தேவையில்லை. மோட்டார் சைக்கிளின் நடுங்கும் கைப்பிடி தொலைபேசியின் கமராவைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. உயிருக்கு அஞ்சாதவர்கள் கமராவுக்காவது அஞ்சக்கூடும்.

ஊவா மாகாண சபைக்கு 2014 செப்டம்பருக்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆகவே மாகாணத்தை நோக்கிக் கோரிக்கை வைப்பதில் பயனில்லை. 2025 மே 6இல் தெரிவான பிரதேச சபை உறுப்பினர்கள் இருக்கிறார்கள், திருத்தப்பட்ட சட்டமும் இருக்கிறது. பசறை, லுணுகலை, ஹாலிஎல, ஹல்துமுல்லை சபைகள் தபால் திணைக்களத்தோடு சேர்ந்து, தம் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு டிவிஷனுக்கும் லயத்துக்கும் இலக்கமிட்டு, தோட்டப் பாதைகளைப் பெயரோடு பதிந்து, அந்த விபரத்தைப் பொதுவில் வெளியிடுவதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு திறன்பேசியும் தோட்டத்தை அறிந்த ஓர் இளைஞனும் போதும். அது நடந்து முடியும்வரை, ஓடும்போது வரைபடத்தைக் காட்டும் திரை பொருத்திய எந்த மோட்டார் சைக்கிளையும் நாட்டுக்குள் விடக் கூடாது. மணிக்கு 5 கிலோமீற்றரைத் தாண்டியதும் வரைபடம் அணைந்து அம்புக்குறி மட்டும் எஞ்சுகிறதா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்து, பதிவுக்கு முன்பே முடிவு செய்யலாம். அந்தச் சோதனையில் தோற்கும் மாதிரி எந்த நிறுவனத்துடையதாயினும் துறைமுகத்திலேயே நிற்கட்டும்.