அருமண் கம்பெனிப் பங்குகள்

அருமண் உலோகச் சுரங்கக் கம்பெனிகளிற் பங்கு வாங்க விழைவோர் மண்ணின் செழுமையையே முதலில் வினவுகின்றனர். விலை வீழும் நாளில் அக்கம்பெனியைத் தாங்குவார் யாவரென வினவுதலே தக்கதென்பது எமது துணிபு. 2010-ஆம் ஆண்டிற் சீனா ஏற்றுமதியைச் சுருக்க, விலை வானளாவிற்று. விரைவில் வீழவும் செய்தது. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கத்தையுடைய மாலிகார்ப், பெருங்கடன் வாங்கி ஆலையைப் பெருக்கி, 2015-இல் திவாலாயிற்று. மண்ணிற் குறையொன்றுமில்லை! மேற்கு ஆஸ்திரேலியாவில் வெட்டி மலேசியாவிற் பிரித்தெடுக்கும் லைனஸும் அவ்வீழ்ச்சியில் நலிந்தது. ஆயினும் கடன் கொடுத்த ஜப்பானியர் தவணையையும் வட்டியையும் தளர்த்தினமையாற் பிழைத்தது. மாலிகார்ப்பின் சுரங்கத்தை 2017-இல் பெற்ற எம்.பி. மெட்டீரியல்ஸுக்கோ, 2025-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே, காந்தத்திற்குரிய நியோடிமியம்-பிரசியோடிமியத்திற்குக் கிலோ 110 டாலரென அடிவிலை உறுதியளித்தது. அவ்வுறுதி பத்தாண்டிற்கே உரியதாதலின், பேரன் பேத்திகளுக்கெனப் பங்கு சேர்ப்போர் அதனை நம்பியிருத்தல் இயலாது.