போர்டின் மேல் பழி

ஹீட்டர் கம்பெனி ஒன்றின் சர்வீஸ் சுற்றறிக்கை இந்த மாதம் நம் ஆர்.வி. பட்டறைகளுக்கு வந்திருக்கிறது. டி.எஸ்.ஐ. (நேரடிப் பொறி) வாட்டர் ஹீட்டர் லாக்அவுட் ஆனால் இக்னிஷன் போர்டை மாற்றிவிட வேண்டுமாம். போர்டுக்கும் மாற்றும் நேரத்துக்கும் வாரண்டிப் பணம் உண்டு; சோதனை நேரத்துக்குக் கிடையாது. இதற்கு இந்த இதழ் என்ன சொல்கிறது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். ஏற்பதற்கில்லை.

பொறியே வராத போர்டு, 12 வோல்ட் உள்ளே போயும் வால்வுக்கு வெளியே விடாத போர்டு, இவற்றை மாற்றத்தான் வேண்டும். சூடு மிஞ்சி ஈ.சி.ஓ. தட்டியதையும், பர்னர் குழாயில் குளவி கூடு கட்டியதையும், 11 அங்குலத்தில் நிற்கவேண்டிய கேஸ் அழுத்தம் ஃபர்னஸ் ஓடும்போது சரிவதையும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நான் பேச வந்தது, சுடர் பற்றி எரிந்து சில நொடியில் அணையும் கோளாறைப் பற்றி.

குவார்ட்ஸைட் ஆர்.வி. முகாமில் ஒரு ஜனவரிக் காலை. வெளிக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன். டிக் டிக் என்று பொறி, நல்ல நீலச் சுடர், பிறகு வால்வு மூடும் சத்தம். மூன்று முறை இப்படியே. பிறகு சிவப்பு விளக்கு. அந்த வண்டியில் இரண்டு மாதத்துக்கு முன்புதான் புதுப் போர்டு போட்டிருந்தார்கள். மைக்ரோஆம்ப் மீட்டரைத் தொடரில் மாட்டினேன். சுடர் எலக்ட்ரோடை நன்றாகவே நக்குகிறது, மீட்டரில் அசைவே இல்லை. பர்னர் பிராக்கெட்டைப் பிடித்திருந்த ஸ்க்ரூவைக் கழற்றினால் அடியில் வெள்ளைப் பொடியும் துருவும். உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு. அன்று முழுதும் ஹீட்டர் எரிந்தது.

சுடர் வழியாகப் போகும் மின்னோட்டம் பர்னர் உடம்பு வழியாகத்தான் கிரவுண்டுக்குத் திரும்பவேண்டும். அந்த வழி அடைபட்டால், கண்ணெதிரே எரியும் சுடரும் போர்டுக்கு இல்லாததுதான். அது வால்வை மூடுவது கோளாறு அல்ல, கடமை. அப்படியானால் புதுப் போர்டு போட்டதும் இரண்டு மாதம் ஓடியது எப்படி? பழைய போர்டின் விளிம்பில் அழுக்கேறிய செம்புக் கோடுகளுக்குப் பதில் சுத்தமானவை வந்தன; கனெக்டரைப் பிடுங்கிச் செருகினார்களே, அதில் அதன் முனைகளும் உரசிச் சுத்தமாயின; ஒயரை இழுத்ததில் கிரவுண்ட் முனையும் கொஞ்சம் கடித்துப் பிடித்தது. பென்சில் ரப்பர் செய்திருக்கும் வேலை. பெயர் மட்டும் புதுப் போர்டுக்கு.

என் மேசை இழுப்பறையில் கழற்றிய போர்டுகள் குவிந்து கிடக்கின்றன. பெஞ்சில் மாட்டினால் பெரும்பாலானவை பொறியும் விடும், வால்வையும் திறக்கும்.

இதையெல்லாம் பத்து வருடமாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். வாரண்டி மேசையில் இருப்பவர்கள் ஹீட்டர் கதவைத் திறந்து பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். "கிரவுண்ட் சுத்தம் செய்தது, 40 நிமிடம்" என்று ஒருமுறை கிளெய்ம் எழுதினேன். பார்ட் நம்பர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதே வண்டிக்குப் போர்டு கேட்டிருந்தால் மறுநாளே கூரியரில் வந்திருக்கும். ஒழுங்காகச் சோதித்தவன் கைக்காசை இழக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றுபவனுக்குப் பணம். செத்த போர்டை மாற்றியாகிவிட்டது என்று நம்பிப் பயணம் கிளம்பும் வாடிக்கையாளர், மலைமேல் ஏதோ ஒரு முகாமில் ஷவருக்கு அடியில் சோப்போடு நிற்கிறார்.

கிளெய்ம் தாளில் மைக்ரோஆம்ப் அளவுக்கு ஒரு கட்டம் வேண்டும், சோதனைக்கு அரை மணி நேரக் கூலி வேண்டும். அது வரும்வரை அளவெடுத்து, தாளின் ஓரத்திலாவது எழுதி அனுப்புங்கள். திரும்பி வந்தால் அதன் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள்.