பூஜ்யத்தில் நின்ற பஸ்

அழகர்கோவிலிலிருந்து கிளம்பி வருகிற கள்ளழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குவார் என்பது மதுரைக்காரர்களுக்கு வருஷா வருஷம் சஸ்பென்ஸ். பட்டர் பெட்டிக்குள் பார்க்காமல் கைவிட, எது சிக்குகிறதோ அதுதான் என்பார்கள். பச்சை வந்தால் விளைச்சல். சிவப்பு வந்தால் பெரிசுகள் உதட்டைப் பிதுக்கும்.

பெட்டியில் ஐந்து பட்டு, பச்சை ஒன்றே ஒன்று (கணக்குக்குத்தான், அழகர் மன்னிக்கட்டும்) என்றால் பச்சைக்கு வாய்ப்பு ஐந்தில் ஒன்று. இப்படிக் கணக்குப் போட்டே ப்ளஸ் டூவில் மார்க்கை அள்ளிய ஆசாமி, எம்.எஸ்ஸி.யில் நிகழ்தகவு வகுப்புக்குப் போனால் முழிக்கிறான். காசைக் காணோம், பகடையைக் காணோம். போர்டு முழுக்க கணங்கள், மெஷர், சிக்மா ஆல்ஜிப்ரா. 'இதெல்லாம் எதுக்கு சார்?'

பெட்டியை விட்டு ரோட்டுக்கு வாருங்கள், சொல்கிறேன். அழகர்கோவில் டு மதுரை சுமார் 21 கிலோமீட்டர். வழியில் எங்கோ உங்கள் பஸ் படுத்துவிடுகிறது. எல்லா இடத்துக்கும் சம வாய்ப்பு என்று வையுங்கள். முதல் 7 கிலோமீட்டருக்குள் படுக்க மூன்றில் ஒன்று. மிகச் சரியாக ஒரு புள்ளியில், நீளமே இல்லாத புள்ளியில், நிற்க? பூஜ்யம். எந்தப் புள்ளிக்கும் பூஜ்யம்தான். ஆனால் பஸ் ஏதோ ஒரு புள்ளியில் நின்றேவிட்டதே! ஜனங்கள் இறங்கித் தள்ளுகிறார்களே!

இத்தனை பூஜ்யங்களைக் கூட்டினால் முழுசாக ஒன்று எப்படி வரும்? வராது. ரஷ்யாவின் கோல்மொகோரோவ் 1933-ல் போட்ட அஸ்திவாரத்தில் இதற்கு வழி இருக்கிறது. முதலாவது, இரண்டாவது என்று க்யூவில் நிறுத்த முடிகிற சம்பவங்களுக்குத்தான் கூட்டல் செல்லும், க்யூ முடிவில்லாமல் போனாலும் பரவாயில்லை. ரோட்டுப் புள்ளிகள் எந்த க்யூவிலும் அடங்காத கும்பல். அதனால் எண்ணாதே, நீளத்தை அள. அந்த அளவைதான் மெஷர். சில விபரீதத் துண்டுகளுக்கு நீளமே சொல்ல முடியாது. அவற்றைக் கழித்துவிட்டு, எந்தெந்தக் கேள்விக்கு வாய்ப்பு சொல்லலாம் என்று தருகிற பட்டியல்தான் சிக்மா ஆல்ஜிப்ரா. ஆகவே பூஜ்ய வாய்ப்பு என்றால் 'நடக்கவே நடக்காது' என்று அர்த்தம் இல்லை.

இந்த வகுப்பில் ஓடிப்போகாமல் உட்கார்ந்தவர்களில் நம்மவர் ஒருவர், எஸ்.ஆர்.எஸ். வரதன். சென்னை பிரஸிடென்ஸியில் படித்துவிட்டு 1959-ல் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குப் போனவர். 1962-ல் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச எழுந்தால், எதிரே சாட்சாத் கோல்மொகோரோவ்! பேச்சு நேரம் தாண்டி இழுத்துவிட்டது. பிறகு கோல்மொகோரோவ் ஏதோ சொல்ல எழுந்தபோது சிலர் நழுவ ஆரம்பிக்க, மனுஷர் சாக்பீஸை எறிந்துவிட்டு வெளியே போய்விட்டார். 'போச்சு நம்ம டாக்டர் பட்டம்' என்றே வரதன் நினைத்தாராம். கோபம் நழுவினவர்கள் மேல்தான். பட்டம் 1963-ல் வந்தது.

2007-ல் ஏபெல் பரிசும் வந்தது. எதற்கு? அரிதிலும் அரிதான சம்பவங்கள் எவ்வளவு அரிது என்று அளக்கும் கணிதத்துக்கு. ஸ்வீடனில் கிராமர் என்பவர் 1930-களில் தொடங்கிய சமாசாரம் அது. அவருடைய கவலை இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைப் பற்றியது: வழக்கத்துக்கு மேல் எக்கச்சக்கமான பேர் ஒரே வருஷத்தில் க்ளெயிமுக்கு வந்து நின்றால் கல்லாவில் காசு இருக்குமா?