எனக்கு வாய் இருக்கே, என்கிட்ட கேளுங்களேன்!

முழங்கால் என்னோடது. வலி எனக்கு. டாக்டர் கேக்கிறது என் மகன்கிட்ட! "அம்மாவால மாடிப்படி ஏற முடியுதா? ராத்திரி தூங்குறாங்களா?"

நான் அவருக்கு நேர் எதிர்ல ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கேங்க. காலமெல்லாம் ஹைஸ்கூல்ல கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு, ராத்திரி தூங்கினேனா இல்லையான்னு சொல்லத் தெரியாதா? நானே பதில் சொன்னேன். தலையாட்டிட்டு, அடுத்த கேள்வியையும் அவன்கிட்டயே கேட்டார். என் மகன் நெளிஞ்சான், பாவம். கடைசியில "வயசாயிடுச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்"னு சீட்டை எழுதி முடிச்சுட்டார்.

வயசானா வலியைப் பத்திக் கேக்கவே வேண்டாமா? 1978லயே சென்னை அரசு பொது மருத்துவமனையில முதியோருக்குன்னு தனிப் பிரிவை டாக்டர் வி.எஸ்.நடராஜன் தொடங்கினார். இந்தியாவுக்கே அதுதான் முன்னோடி. அப்படிப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு இந்தப் பேச்சைக் கேக்கும்போது வயிறு எரியுது.

ஓய்வூதியக்காரங்க வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்கணும்ல, அந்தக் கதையைக் கேளுங்க. 2014ல ஜீவன் பிரமாண்னு கொண்டுவந்தாங்க. விரலை வச்சா போதும், வேலை முடிஞ்சதுன்னாங்க. சாக்பீஸ் பிடிச்சு, பாத்திரம் தேய்ச்சுத் தேஞ்ச விரல் இது. ரேகை எங்க விழும்? மெஷின் மாட்டேங்குது. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு நிமிர்ந்துகூடப் பாக்கல. "வீட்டுல வேற யாராவது இருந்தா அனுப்புங்க பாட்டி"ங்குது. ஏம்மா, உயிரோட இருக்கேன்னு காட்ட நான்தானே வரணும்? எனக்குப் பதிலா யாரை அனுப்புறது? முகத்தைக் காட்டியே பதிவு பண்ற வசதி வந்து வருஷங்களாச்சு. அதைச் சொன்னது வரிசையில எனக்குப் பின்னாடி நின்ன ஒரு தம்பி.

வீட்டு விசேஷத்துல பாருங்க, முதல் ஆளா நம்ம கால்ல விழுவாங்க. ஆசீர்வாதம் வாங்கினதும் ஃபேனுக்கு அடியில ஒரு சேரைப் போட்டு "நீங்க அலையாதீங்கத்தை, உட்காருங்க"ம்பாங்க. அதோட சரி. பொண்ணு பாத்தது, தேதி குறிச்சது, மண்டபம் பிடிச்சது எதுலயும் நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க. கொஞ்சம் பளிச்சுன்னு ஒரு புடவை கட்டினா மட்டும் எல்லாருக்கும் வாய் வந்துடும். இந்த வயசுல இந்தக் கலர் தேவையான்னு!

அரசாங்கமும் இதே மனசுலதான் இருக்கு. ரயில்ல 58 வயசான பெண்களுக்கு 50 சதவீதம், 60 வயசான ஆண்களுக்கு 40 சதவீதம் சலுகை இருந்தது. கொரோனான்னு 2020 மார்ச்சுல நிறுத்தினாங்க. கொரோனா போயிடுச்சு, சலுகை திரும்பி வரல. கிழங்களுக்கு என்ன பெரிய பயணம்னு நினைச்சுட்டாங்க போல.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாங்க. என்னோட வேலை பாத்த டீச்சர் ஒருத்தி, வீட்டுக்காரர் தவறின கையோட வீட்டை மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துட்டா. கடைசி வரைக்கும் என்னைப் பாத்துக்கணும்னு பத்திரத்துல ஒரு வரி போடுடின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பெத்த புள்ளைக்கு எதுக்கு கண்டிஷன்னா. இப்ப ஏடிஎம் கார்டு மருமகள் கையில. ஆள் வந்தா ஹால்ல உட்காரக்கூடாது. மாத்திரை வாங்கக் காசு வேணும்னாலும் காரணம் சொல்லணும்.

2007ல போட்ட சட்டம் இருக்கு. பாத்துக்கலன்னா கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுக்கலாம். ஜீவனாம்சம் கேக்கலாம். பாத்துக்கணும்ங்கிற நிபந்தனையோட எழுதிக் கொடுத்த சொத்துன்னா பத்திரத்தையே ரத்து பண்ணச் சொல்லலாம். அந்த ஒரு வரிக்குத்தான் அன்னைக்கு அவகிட்ட அவ்வளவு மன்றாடினேன். பெத்தவங்களுக்குச் சோறு போடுன்னு சொல்றதுக்கு ஒரு சட்டம் வேண்டியிருக்குன்னா, நாம எங்கே வந்து நிக்கிறோம்?

சரி, நடந்தது நடந்துபோச்சு, ஜீவனாம்சத்துக்காவது மனு கொடு, வா, நான் கூட வர்றேன்னு கூப்பிட்டேன். "பையன் மேல கேஸா? ஊரு என்னடி சொல்லும்?"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டா. ஊரு என்ன சொல்லுமோன்னு இவ பயப்படுறா. அந்தப் பயம் ஏங்க அவனுக்கு வரல?