புதிய பதிப்பு, பழைய மங்கல்

கணினித் திரையில் எழுத்து பளிச்சென்று தெரிவதும் மங்கித் தெரிவதும் பிக்சல் கணக்கு. மென்பொருளின் பதிப்பு எண்ணுக்கு அந்தக் கணக்கில் ஒரு பங்கு உண்டு. சில வேளை அந்தப் பங்கு கழித்தலாகவும் அமையும். ஆனால் கணினிக் கடையிலும் பயிற்சி வகுப்பிலும் அலுவலகப் பராமரிப்புப் பிரிவிலும் பத்தாண்டுக்கு மேலாகப் புழங்கும் வாசகம் வேறு: 'புதிய ஆபீஸ் போடுங்கள், எழுத்து கண்ணாடி மாதிரி தெரியும்.' போட்ட பிறகும் தெரியவில்லை என்றால் கண்ணைச் சோதிக்கச் சொல்வார்கள். கண்ணும் நன்றாக இருந்தால் மானிட்டரை மாற்றச் சொல்வார்கள். மென்பொருளை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை. இந்த வாசகத்துக்கு முட்டுக்கொடுக்க ஐந்து வாதங்கள் வழக்கில் உள்ளன.

முதல் வாதம், பதிப்பு ஏற ஏறத் தெளிவும் ஏறும் என்பது. 2007 வரைக்கும் இது உண்மை. 2013-இல் பொய்யாகிவிட்டது. இடையில் நடந்தது என்ன என்பதற்கு எல்சிடி திரையின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். அத்திரையில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறக் கோடுகள் பக்கம்பக்கமாக நின்று உருவாவது. மூன்றையும் ஒன்றாகக் கொளுத்தினால் வெள்ளை, ஒன்றாக அணைத்தால் கறுப்பு. ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாகக் கையாண்டால், பக்கவாட்டில் திரையின் நுணுக்கம் ஏறத்தாழ மும்மடங்காகும். எழுத்தின் ஓரத்தில் மெல்லிய சிவப்பும் நீலமும் கசியும் என்பது உண்மைதான். ஆனால் மனிதக் கண் ஒளி, இருள் வேறுபாட்டைப் பிடிக்கும் அளவுக்கு நிற நுணுக்கத்தைப் பிடிக்காது. அதனால் படிப்பவருக்குக் கூர்மை தெரியும், கசிவு தெரியாது.

இந்த உத்திக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் கிளியர்டைப். 1998 நவம்பரில் லாஸ் வேகாஸ் காம்டெக்ஸ் கண்காட்சியில் அது அறிவிக்கப்பட்டது. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியில் இடம்பெற்றது, ஆனால் பயனரே தேடிப் போய்த் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. விஸ்டாவில் தானாகவே இயங்கியது. ஆபீஸ் 2007 இதற்கென்றே வரையப்பட்ட ஆறு எழுத்துருக்களோடு வந்தது: கலிப்ரி, கேம்ப்ரியா, கேண்டரா, கன்சோலஸ், கான்ஸ்டான்ஷியா, கார்பெல். டைம்ஸ் நியூ ரோமன் இருந்த நாற்காலியில் கலிப்ரி உட்கார்ந்தது. புதிய பதிப்பு என்றால் தெளிவு என்ற நம்பிக்கை பிறந்தது இந்தக் காலத்தில்தான். அந்த நம்பிக்கை பிறந்த தேதியோடு நின்றுவிட்டது, மென்பொருள் நிற்கவில்லை.

2013-இல் வந்த வேர்டு, பக்கத்தில் எழுத்தை வரைய நிறக் கோடுகளைப் பயன்படுத்துவதைக் கைவிட்டது. அதற்குப் பதில், ஓரங்களைச் சாம்பல் சாயலால் மழுப்பும் பழைய முறைக்குத் திரும்பியது. காரணம் ரகசியமல்ல. மைக்ரோசாஃப்ட் பொறியாளர் முர்ரே சார்ஜென்ட் அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். நிறக் கோட்டு முறையில் ஓரத்தின் நிறம் பின்னணியின் நிறத்தைச் சார்ந்தது. எழுத்தோ பக்கமோ வழுக்கி நகரும்போதும், பெரிதாகிச் சிறிதாகும்போதும் ஒவ்வோர் இமைப்பிலும் அந்த நிறத்தைத் திரும்பக் கணக்கிட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். புதிய வேர்டிலோ எல்லாம் வழுக்கியாக வேண்டும். தட்டச்சு செய்யும்போது கர்சர் ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குத் தாவுவதில்லை, மிதந்து போகிறது. எக்செல்லில் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குப் போகும் பச்சைச் சட்டமும் சறுக்கிக்கொண்டுதான் போகிறது. இந்த அசைவுக்கு எது இடைஞ்சலோ அது வெளியேற்றப்பட்டது. இடைஞ்சலாக இருந்தது எழுத்தின் கூர்மை.

டேப்லெட் இன்னொரு காரணம். கருவியைத் திருப்பிப் பிடித்தால் செங்குத்தாக நின்ற நிறக் கோடுகள் கிடையாகப் படுத்துவிடும். பக்கவாட்டு நுணுக்கம் என்ற ஆதாயம் போய்விடும். சாம்பலுக்குத் திசை கிடையாது. நியாயமான காரணம்தான். ஆனால் பதிவாளர் அலுவலகத்தில் மேசையோடு மேசையாக நிற்கும் மானிட்டரை எவரும் திருப்பிப் பிடிப்பதில்லை. திருப்பிப் பிடிப்பவருக்காக, திருப்பிப் பிடிக்காதவர் எல்லாரும் மங்கலில் படிக்க நேர்ந்தது.

இழப்பின் அளவு ஒரே ஒரு கோட்டில் தெரியும். ஒன்றேகால் பிக்சல் அகலமுள்ள செங்குத்துக் கோடு ஒன்றை வரைய வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நிறக் கோட்டு முறையில் அதற்குச் சுமார் நான்கு நிறக் கோடுகள் போதும். கோடு எங்கே தொடங்கினாலும் அகலம் பெரிதாக மாறாது. சாம்பல் முறையில் அது பிக்சல் எல்லையில் சரியாகத் தொடங்கினால் ஒரு கறுப்புப் பத்தியும் அதன் அருகே வெளிறிய ஒரு பத்தியும் கிடைக்கும். எல்லை தவறினால் பெரும்பாலும் இரண்டு பத்தியும் சாம்பல்தான், கறுப்பு எங்கும் இல்லை. ஒரே வரியில் வரும் ஒரே எழுத்து ஓரிடத்தில் திடமாகவும் இன்னோர் இடத்தில் நோயாளி போலவும் தெரிவது இதனால்தான்.

சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். விண்டோஸ் 7 அல்லது 10 உள்ள கணினியில் ஒரே வாக்கியத்தை நோட்பேடிலும் வேர்டிலும் தட்டி, இரண்டையும் அருகருகே வைத்து, பிரிண்ட் ஸ்கிரீன் எடுத்து, பெயின்ட்டில் எட்டு மடங்கு பெரிதாக்கினால் போதும். நோட்பேடு எழுத்தின் இடப்புறம் ஒரு நிறமும் வலப்புறம் ஒரு நிறமும் ஒட்டியிருக்கும். நடுவில் கறுப்பு உறுதியாக நிற்கும். வேர்டு எழுத்தைச் சுற்றி வெறும் சாம்பல். ஒரே கணினி, ஒரே மானிட்டர், பார்ப்பதும் அதே கண். எனவே மங்கல் கண்ணில் இருக்கிறது என்ற இரண்டாம் வாதம் இந்தப் படத்தோடு முடிந்துவிடுகிறது; அதற்குத் தனிப் பதில் தேவையில்லை.

மூன்றாவது வாதம், திரைகள் கூர்மையாகிவிட்டன, இனி சாம்பலே போதும் என்பது. ஆப்பிள் நிறுவனமும் 2018-இல் மேக் இயங்குதளத்தின் மோஹாவி பதிப்பில் நிறக் கோட்டு முறையைக் கைவிட்டதை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். காட்டுபவர்கள் பாதியைத்தான் காட்டுகிறார்கள். 2012-இலேயே அங்குலத்துக்கு 220 பிக்சல் கொண்ட ரெட்டினா திரையை மடிக்கணினியில் பொருத்திய நிறுவனம் அது. ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் பழைய முறையை விட்டது. முதலில் பாலம், பிறகு படகை விற்பது. விண்டோஸ் உலகில் படகை முதலில் விற்றார்கள்.

சாதாரண அலுவலக மேசையில் இருக்கும் 24 அங்குல முழு எச்டி மானிட்டரில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல்தான். 'மானிட்டரை மாற்றுங்கள்' என்ற அறிவுரையைக் கேட்டு, அதே 1920க்கு 1080 பிக்சலோடு 27 அங்குலத் திரை வாங்கினால் அது 82 ஆகக் குறையும். கொடுத்த காசுக்குப் பெரிய மங்கல் கிடைக்கும். 27 அங்குலத்திலேயே 4கே திரை என்றால் 163. அங்கே சாம்பல் போதும் என்பதில் சண்டையில்லை. அந்தத் திரை மேசைக்கு வரும்வரை காத்திருக்காமல் முடிவெடுத்ததில்தான் சண்டை.

தமிழ் எழுத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற விண்டோஸின் அடிப்படை அளவில் 11 புள்ளி எழுத்துக்குக் கிடைக்கும் மொத்த உயரம் 15 பிக்சலுக்கும் சற்றுக் குறைவு. அதற்குள் 'கி'யின் கொக்கி மேலே ஏற வேண்டும், 'கு'வின் வளைவு கீழே இறங்க வேண்டும். மிச்சத்தில்தான் எழுத்தின் உடல். ஆங்கிலத்தின் ஐ, எல், டி போன்றவை ஓரிரு கோட்டோடு பிழைத்துக்கொள்ளும். மூன்று சுழி ணகரம் அந்தச் சில பிக்சலுக்குள் மூன்று முறை சுழன்றாக வேண்டும். சுழிகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளி ஒரு பிக்சல் அளவுக்குச் சுருங்கும்போது, சாம்பல் மழுப்பல் அதையும் நிரப்பிவிடும். அப்போது மூன்று சுழிக்கும் இரண்டு சுழிக்கும் வேறுபாடு எழுத்தில் இருக்காது, படிப்பவரின் ஊகத்தில் இருக்கும். பணியும் பனியும், மணமும் மனமும் திரையில் ஒன்றாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி ஒரு சாம்பல் திட்டாகி, கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மெய்ப்பு பார்ப்பவர்கள் திரையை நம்பாமல் தாளில் எடுத்துப் பார்ப்பது பழமைவாதம் அல்ல.

நான்காவது வாதம், கிளியர்டைப் ட்யூனரை ஓட்டினால் எல்லாம் சரியாகும் என்பது. ட்யூனர் சில பத்திகளைக் காட்டி, எது நன்றாகத் தெரிகிறது என்று கேட்டு, நிறக் கோடுகளின் வரிசையையும் எழுத்தின் அழுத்தத்தையும் செம்மை செய்யும் சிறு நிரல். நோட்பேடுக்கும் அதன் காலத்துச் செயலிகளுக்கும் அது உண்மையிலேயே உதவும். நிறக் கோட்டையே தொடாத வேர்டு பக்கத்துக்கு, நிறக் கோட்டின் வரிசையைச் சரிசெய்து கொடுத்து என்ன பயன்? இல்லாத பல்லுக்குப் பல்பொடி. வேர்டின் அமைப்புகளிலேயே உட்பிக்சல் என்ற சொல்லோடு ஒரு தேர்வுப் பெட்டி இருக்கிறதே என்பார்கள். அது எழுத்து எங்கே உட்கார வேண்டும் என்பதைப் பிக்சலின் பின்னங்களில் தீர்மானிக்கும் அமைப்பு. எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி அதனால் சீராகும். கைவிட்ட நிறக் கோடு திரும்பி வராது.

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவருக்கு இன்னொரு குழப்பமும் சேரும். ஒன்றில் காட்சி அளவு 100 விழுக்காடாகவும் மற்றதில் 150 விழுக்காடாகவும் இருக்கும்போது, ஆபீஸ் அமைப்புகளில் தோற்றத்துக்கு முன்னுரிமை, ஒத்தியங்குதலுக்கு முன்னுரிமை என இரண்டு வழிகள் தரப்பட்டுள்ளன. இரண்டாவதைத் தேர்ந்தால், ஒரு திரைக்காக வரைந்த படத்தையே மற்றத் திரைக்கு இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். இழுத்த படம் மங்கும். இதற்கும் ட்யூனர்தான் மருந்து என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்தாவது வாதம், புதிய எழுத்துரு வந்துவிட்டது, பழைய குறை தீர்ந்தது என்பது. 2023-இல் கலிப்ரியை இறக்கி ஆப்டோஸை ஏற்றினார்கள். கூர்மையான திரைகளின் காலத்துக்கு ஏற்ற, திடமான நல்ல எழுத்துரு அது, ஆங்கிலத்துக்கு. அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. வேர்டில் தமிழைத் தட்டும்போது பெட்டியில் எந்தப் பெயர் மின்னினாலும், எழுத்தை வரைவது வேறோர் எழுத்துரு. ஆபீஸ் தீம் கோப்பில் தமிழுக்கு நேரே எழுதியிருக்கும் பெயர் லதா. அது விண்டோஸ் 2000 காலத்துச் சொத்து. விண்டோஸ் 10 முதல் லதாவைத் தானாகக் கணினியில் வைப்பதும் இல்லை. தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற தனித் தொகுப்பில் ஒதுக்கிவிட்டார்கள். தொகுப்பு இல்லாத கணினியில் நிர்மலா யுஐ வந்து அந்த இடத்தை நிரப்பும். ஆக, ஆவணம் ஒரு பெயரைக் கேட்க, கணினி வேறொன்றைக் கொடுக்க, நடுவில் ஆப்டோஸின் புகழை மட்டும் தமிழ்ப் பயனர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஐந்து வாதங்களும் போன பிறகு, செய்யத்தக்கது என்று மிஞ்சுவது கொஞ்சம்தான். திரையை அதன் இயல்பான பிக்சல் எண்ணிக்கையிலேயே ஓட்டுவது. வேர்டில் பக்கத்தை 120, 130 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி வேலை செய்வது. தமிழுக்கு உள்ள எழுத்துருவை வேர்டின் எழுத்துரு அமைப்பில் அதற்கென்று இருக்கும் தனிக் கட்டத்தில் தேர்ந்து வைப்பது. வாங்க முடிந்தால் பிக்சல் செறிவான திரையை வாங்குவது. பெரிதாக்குவதால் எழுத்துக்குக் கூடுதல் பிக்சல் கிடைக்கிறது. செறிவான திரையும் தருவது அதையேதான். பதிப்பு எண் பிக்சலைத் தருவதில்லை.

இந்த மங்கலால் ஆவணத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. அது திரையோடு நின்றுவிடும் கோளாறு. அங்குலத்துக்கு 600 அச்சுப்புள்ளி இடும் லேசர் அச்சுப்பொறியில் அதே 11 புள்ளி எழுத்துக்கு உயரம் சுமார் 92 அச்சுப்புள்ளி. திரையில் கிடைப்பது 15 பிக்சல். தாளில் ணகரத்தின் மூன்று சுழியும் மூன்றாகவே தெரிகின்றன.