‘இணையான’ பித்தளை: எதில் இணை?

உலோகத் தரங்களின் ஒப்பீட்டு அட்டவணை, மொழியியல் பயின்றவர் கண்ணுக்கு ஒரு நிகண்டைப் போலவே தோன்றும். அமெரிக்காவின் சி36000, ஐரோப்பாவின் சிடபிள்யூ614என், இந்தியாவின் ஐ.எஸ். 319 முதல் வகை ஆகிய மூன்று பித்தளைகளும் ஒரே வரிசையில் நிற்கும். மேலே ‘இணையானவை’ என்றிருக்கும். வரைபடம் முதலாவதைக் கேட்க, சந்தையில் மூன்றாவது கிடைத்தால், அந்த அட்டவணையே ஒப்புதல் சீட்டாகிவிடுகிறது. இவ்வழக்கம் தவறானது என்பது என் கருத்து.

மூன்றும் ஈயம் கலந்த, லேத்தில் எளிதாகக் கடையக்கூடிய பித்தளைகள்தாம். ஆனால் முதலாவதில் செம்பு 60 முதல் 63 விழுக்காடு. இரண்டாவதில் 57 முதல் 59. செம்பு குறைந்து துத்தநாகம் கூடினால் பீட்டா எனும் படிகநிலை மிகும். கடைசலில் அது பெரிதாகத் தெரியாது. அதே துண்டைச் சூடேற்றாமல் வளைத்தாலோ அடித்து விரித்தாலோ விரிசலுக்கு வாய்ப்புக் கூடும். உப்பு மிகுந்த நீரிலோ துத்தநாகம் கரைந்து வெளியேறி, நுண்துளைச் செம்பே எஞ்சும். வடிவம் அப்படியே இருக்க, வலிமை போய்விடும்.

கோலார் தங்கவயலார்க்கு இன்னும் கூர்மையான சான்று உண்டு. 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் நிற்கும் சயனைடு மேடுகள், சயனைடு கரைசலால் தாதுப்பொடியிலிருந்து பொன் பிரித்ததன் எச்சம். அக்கரைசல் செம்பையும் துத்தநாகத்தையும் சேர்த்தே கரைக்கும். அங்கு வால்வுக்கு எந்தப் பித்தளையும் ஆகாது, இரும்புதான் தாங்கும். இதை அட்டவணையின் எந்தக் கட்டமும் சொல்வதில்லை.

தரம் ஒன்றாகவே இருந்தாலும் போதாது. பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோட்டா உறைகள் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கொண்டவை. மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்கருகே வைக்கப்பட்டவை தாமே பிளந்தன. இழுத்து உருவாக்கியபோது உள்ளே தங்கிய விசையும் லாயத்து அம்மோனியாவும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921இல் தெளிவாயிற்று. மிதமாகச் சூடாக்கி அவ்விசையைத் தணித்ததே தீர்வு, கலவையை மாற்றவில்லை.

பல சொல் ஒரு பொருள் தருவதையும் ஒரு சொல் பல பொருள் தருவதையும் தொல்காப்பிய உரியியல் சேர்த்தே பேசுகிறது. இடம் சொல்லாமல் இரு சொற்களை ஒன்றென நாம் ஏற்பதில்லை. உலோகத்துக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை? மாற்றுத் தரம் கோரும் படிவத்தில் ‘எதில் இணை’ என்றொரு கட்டம் வேண்டும். கடைசலிலா, வளைப்பதிலா, எந்த நீரில், எந்தக் காற்றில்? கையொப்பமிடுபவர் அதனைத் தம் கையாலேயே எழுதட்டும்.