பாட்டுக் கேட்கும் அறைக்கு எந்த ரீவி?

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் ஜமாதுல் ஆகிர் மாதக் கொடியேற்றத்தின்போது பக்கீர்மார் றபான் அடித்துப் பாடுவதைக் கிட்ட நின்று கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும். விரல் தோலில் விழுந்ததும் ஒரு கூர்மையான சத்தம் எழும். அதோடு சேர்ந்து நெஞ்சில் வந்து முட்டும் கனத்த அடி ஒன்றும் உண்டு. அதே றபானைத் தட்டைத்திரைத் தொலைக்காட்சியில் கேட்டால் கூர்மை வரும், கனம் வராது.

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்துப் பெட்டிகளுக்கு வயிறு இருந்தது. அந்த வயிற்றுக்குள் ஸ்பீக்கருக்கும் கொஞ்சம் காற்று கிடைத்தது. இன்றைய மெல்லிய திரைகளில் பெரும்பாலானவற்றின் ஸ்பீக்கர்கள் நிலத்தையோ சுவரையோ பார்த்துக்கொண்டிருக்கின்றன. சோனி 2017இல் திரையையே அதிரவைத்து ஒலியெழுப்பும் ஓலெட் தொலைக்காட்சி ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கும்கூடக் கனத்த ஒலிக்கென்று தாங்கியில் தனி ஸ்பீக்கர் வைக்க வேண்டியிருந்தது. ஆகவே இலங்கை வானொலியையும் நாகூர் ஹனிபாவையும் கேட்டு வளர்ந்த வீடொன்றில் பழைய அம்ப்ளிபையரும் ஒரு சோடி ஸ்பீக்கரும் இன்னும் வேலைசெய்தால், புது ரீவி வந்ததற்காக அவற்றைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடக் கூடாது. ரீவிதான் அவற்றுக்கு இசைந்து நடக்க வேண்டும்.

இதனால் கடைக்குப் போகுமுன் அளக்க வேண்டியது வெறுஞ்சுவரை அல்ல, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவிலுள்ள தூரத்தை. சுனாமிக்குப் பின் கல்முனையில் எழுந்த கிறீன்பீல்ட் தொடர்மாடி போன்ற இடங்களில் பத்துக்குப் பத்து அடி அறை என்பதே தாராளம். அங்கே ஸ்பீக்கர்களை ஐந்தடி இடைவெளியில் வைக்கலாம். 55 அங்குல ரீவி ஏறக்குறைய நாலடி அகலம். அதை நுழைத்தால் இருபுறமும் இடம் நெருக்கமாகிவிடும்; ஸ்பீக்கர்களை மூலைக்குத் தள்ளத் தோன்றும். 43 அங்குலம் மூன்றடியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஏழடி தள்ளி உட்கார்ந்து பார்க்க அது போதும்.

மூலைக்குத் தள்ளினால் என்ன? சிறிய அறையில் அதுதான் பெரிய கேடு. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்கள் 57 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியைப் பிடித்து ஊதிப் பெருக்கும். அறை சதுரமாக இருந்தால் நீளமும் அகலமும் ஒரே ஒலியையே பெருக்கும். மூலையில் நிற்கும் ஸ்பீக்கர் அதை இன்னும் தூண்டிவிடும். றபானின் அடி அப்போது அடியாகக் கேட்காது, குடத்துக்குள் கேட்கும் முழக்கமாகிவிடும். தொடர்மாடியில் அந்த முழக்கம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தூக்கத்தையும் கெடுக்கும். 55 அங்குலத்தை விற்கும் கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. வாங்குகிறவர்தான் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

திரையின் தெளிவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை; இந்த அளவில் இன்று வரும் சாதாரண 4கே திரையே நன்றாயிருக்கும். பார்க்க வேண்டியது பின்பக்கத்தை. பழைய அம்ப்ளிபையருக்குச் சிவப்பு, வெள்ளைச் செருகிகள்தான் தெரியும். புது ரீவிகள் பலவற்றில் அவை ஒலியை வெளியே தருவதில்லை. ஒப்டிக்கல் துவாரம் அல்லது எச்டிஎம்ஐ ஏஆர்சி மட்டுமே இருக்கும். நடுவில் ஒரு சிறிய மாற்றி தேவைப்படும். அதைப் பூட்டியும் சத்தமே வராவிட்டால், ரீவியின் ஒலி அமைப்பை 'பிசிஎம்' என்று மாற்றிப் பார்க்க வேண்டும். டிஷ் பெட்டியிலிருந்து நேரே அம்ப்ளிபையருக்கு வயர் இழுப்பதும் நல்லதல்ல: படத்தைச் சீர்செய்ய ரீவிக்குச் சிறிது நேரம் பிடிப்பதால், பாடகரின் வாய் அசையுமுன் பாட்டு வந்துவிடும். ரீவிக்குள் போய் வரும் ஒலியில் இந்தப் பிசகு குறைவு.

கடற்கரை வீடுகளுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். உப்புக் காற்றில் செருகிகள் களிம்பேறும், திருகாணிகள் கறள் கட்டும். மாதமொருமுறை செருகிகளைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்துப் பூட்டினால் கரகரப்பு வராது.

இனி, திரையை எங்கே வைப்பது? உயரே சுவரில் அறைவதைவிடத் தாழ்ந்த மேசையில், ஸ்பீக்கர்களின் முகத்துக்குச் சற்றுப் பின்தள்ளி வைப்பது மேல். கண்ணாடிபோன்ற அந்தப் பரப்பு ஒலியைத் திருப்பி எறியும். இதற்கு மருந்து பக்கத்து ஊரிலேயே நெய்யப்படுகிறது: மருதமுனைக் கைத்தறிப் படுக்கை விரிப்புத் தடிப்பானதாக ஒன்று. பாட்டு மட்டும் கேட்கும் இரவில் ரீவியை அணைத்து, சூடு ஆறியபின் விரிப்பை நாலாக மடித்துத் திரைமேல் தொங்கவிட்டு, ஹனிபாவின் பாட்டொன்றை ஒருமுறை கேட்கலாம். பிறகு விரிப்பை எடுத்துவிட்டு அதே பாட்டைக் கேட்டால், அந்தக் குரல் நடுவில் நிற்கும் இடம் எவ்வளவு மாறுகிறது என்பதை அவரவர் காதே சொல்லும்.